நெடும்பயணத்தில் மின்கார்: போர்டில் இருக்கும் கிலோவாட்டும் கைக்கு வரும் கிலோவாட்டும்

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சார்ஜிங் நிலையம். போர்டில் 150 கிலோவாட் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கேபிளின் முனையில் இருக்கும் கன்னை எடுத்துக் காரில் செருகினால் திரை 62 என்று காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் 58. பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகியதும் 41. மின்காரில் முதல்முறை வெளியூர் கிளம்பியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் குழம்பிப் போகிறார்கள். நிலையம் ஏமாற்றுகிறது என்றோ, காரில் ஏதோ கோளாறு என்றோ நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் கிடையாது. போர்டில் இருப்பது அந்த இயந்திரம் அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு. அதில் எவ்வளவு வேண்டும் என்பதைக் கார் நொடிக்கு நொடி கேட்டு வாங்குகிறது. அந்தக் கேட்பு எதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பது புரிந்துவிட்டால் எங்கே நிற்பது, எத்தனை சதவீதத்தில் கழற்றுவது, எந்த நிலையத்தை நம்பிப் போகக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். பெரிய பேட்டரி உள்ள காரை வாங்குவதைவிட இந்தப் புரிதல் பயணத்தில் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்வோம். பேட்டரிக்குள் இருக்கும் சக்தியைக் கிலோவாட் மணியில் சொல்கிறார்கள். மின்கட்டண ரசீதில் நாம் யூனிட் என்று படிப்பது அதைத்தான். அந்தச் சக்தி எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதைக் கிலோவாட் சொல்கிறது. 60 யூனிட் பேட்டரியில் 60 கிலோவாட் வேகம் ஒரு மணி நேரம் மாறாமல் நின்றால் அது நிரம்பும். ஆனால் வேகம் அப்படி மாறாமல் நிற்பதே இல்லை. இந்தக் கட்டுரையில் சொல்லவிருப்பதில் பாதி அதைப் பற்றித்தான்.

நிலையங்களில் ஏசி எனும் மாறுதிசை மின்சாரம், டிசி எனும் நேர்திசை மின்சாரம் என்று இரண்டு வகை. மின்கம்பியில் வருவது ஏசி, பேட்டரிக்கு வேண்டியது டிசி. ஏசி நிலையத்தில் செருகினால் காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர்தான் அதை மாற்றித் தர வேண்டும். அது சின்னக் கருவி. பல கார்களில் 7.4 அல்லது 11 கிலோவாட்தான் தாங்கும், சிலவற்றில் 22. ஆகவே 11 கிலோவாட் கருவி உள்ள காரை 22 கிலோவாட் ஏசி நிலையத்தில் நிறுத்தினாலும் கிடைப்பது 11 தான். டிசி நிலையத்தில் மாற்றும் வேலையை வெளியே நிற்கும் பெரிய பெட்டி செய்துவிட்டு, மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. வழியில் நின்று கிளம்ப டிசி. இரவு தங்கும் இடத்தில் ஏசி. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு நாளே வீணாகலாம். நிலையம் தேடும் ஆப்களில் இரண்டு வகையும் ஒரே வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அவசரத்தில் ஏமாறுவது எளிது. வடிகட்டியில் டிசி மட்டும், குறைந்தது 50 கிலோவாட் என்று வைத்துவிட்டுப் பிறகு தேடுங்கள்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும் என்பது பள்ளிப்பாடம். நெடுஞ்சாலையில் அதற்கு நேரடி வேலை உண்டு. வேகமான நிலையங்களின் கேபிள் பொதுவாக 500 ஆம்பியர் வரை கடத்தும். அதற்காகக் கேபிளுக்குள்ளேயே குளிர்திரவம் ஓடுகிறது. உங்கள் காரின் பேட்டரி 400 வோல்ட் அமைப்பு என்றால் 400 x 500, சுமார் 200 கிலோவாட். போர்டில் 350 என்று இருந்தாலும் அதற்கு மேல் வர வழியில்லை. 800 வோல்ட் பேட்டரியில் அதே கேபிள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொண்டுபோகும். 2019-இல் வந்த போர்ஷே டைகான் அப்படிப்பட்டது. 2021-இல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 தகுந்த நிலையத்தில் 10-இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடத்தில் ஏறும் என்று நிறுவனம் சொல்வதும் இந்த 800 வோல்ட்டின் பலத்தில்தான். தலைகீழாகவும் ஒரு சிக்கல் உண்டு. பழைய நிலையங்கள் சில 500 வோல்ட்டுக்கு மேல் தராது. 800 வோல்ட் கார் அங்கே போனால் வோல்ட்டைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு காருக்குள் இருக்க வேண்டும். ஐயானிக் 5 இந்த வேலையைத் தன் மோட்டாரையும், அதற்குப் பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரையும் வைத்தே செய்துகொள்கிறது.

80-க்கு மேல் ஏன் ஊர்கிறது

லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏறுவது என்றால் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்வது. அடுக்குகள் காலியாக இருக்கும்போது அயனிகள் தடையில்லாமல் நுழைகின்றன. நிரம்ப நிரம்ப உள்ளே போவது மெதுவாகிறது. அப்போதும் அதே வேகத்தில் தள்ளினால் சில அயனிகள் உள்ளே போக முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், படிவு வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. அதோடு ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வோல்ட் உச்சவரம்பு இருக்கிறது. பல வகைகளில் 4.2 வோல்ட். அந்த வரம்பைத் தொட்டதும் கார் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். குடம் விளிம்பை நெருங்கும்போது தளும்பாமல் இருக்கக் குழாயைச் சின்னதாகத் திருப்புவதைப் போலத்தான் கார் செய்கிறது.

சரி, இதனால் பயணத்தில் என்ன மாறுகிறது? கணக்கு போட்டுப் பார்க்கலாம். பயன்படுத்தக்கூடிய 60 யூனிட் பேட்டரி, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். 10-இலிருந்து 60 சதவீதம் வரை சராசரி 100 கிலோவாட், 60-இலிருந்து 80 வரை 60 கிலோவாட், அதற்கு மேல் 24 கிலோவாட். கார்களுக்குக் கார் மாறும் என்றாலும் இந்த வடிவம் பொதுவானது. முதல் 50 சதவீதத்துக்கு 18 நிமிடம். அடுத்த 20-க்கு 12 நிமிடம். கடைசி 20 சதவீதத்துக்கு 30 நிமிடம். அதாவது 80-இலிருந்து 100-க்குப் போக ஆகும் நேரமும், 10-இலிருந்து 80-க்கு வந்த நேரமும் ஒன்றே.

இந்தக் காரில் 600 கிலோமீட்டர் போக வேண்டும். முழு சார்ஜுடன் கிளம்பினால் 300-ஆவது கிலோமீட்டரில் 10 சதவீதம் மிச்சம் இருக்கும். அங்கே ஒரே தடவையாக நிரப்பிக்கொண்டு போய்விடலாம் என்று நின்றால் 60 நிமிடம். அதற்குப் பதில் 60 சதவீதத்தில் கழற்றிக் கிளம்பினால் 18 நிமிடம்தான் ஆகும்; சுமார் 165 கிலோமீட்டர் தள்ளி மீண்டும் 10-க்கு வருவோம். அங்கே 50 வரை ஏற்ற 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஊர் போய்ச் சேரும்போது 10 சதவீதம் கையில் இருக்கும். இரண்டு நிறுத்தமும் சேர்த்து 33 நிமிடம். சாலையை விட்டு இறங்கி ஏறவும் செருகவும் கூடுதலாக 7 நிமிடம் வைத்தாலும் 40. ஒரு நிறுத்தம் கூடியிருக்கிறது, 20 நிமிடம் குறைந்திருக்கிறது.

பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பச் சொல்வது நம் கையோடு வந்த பழக்கம். பங்கில் கடைசி லிட்டரும் முதல் லிட்டரின் வேகத்திலேயே ஏறுவதால் அந்தப் பழக்கத்தில் தவறில்லை. மின்காரில் அதே பழக்கம்தான் நேரத்தைத் தின்கிறது. அடுத்த நிறுத்தத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதோடு ஒரு காப்பு, அவ்வளவுதான் ஏற்ற வேண்டும். அடுத்த நிலையம் வெகு தூரத்தில் இருக்கிறது, அல்லது அது வேலை செய்யும் என்ற நம்பிக்கை இல்லை என்றால் மட்டும் 80-ஐத் தாண்டுங்கள்.

வேகம், காற்று, ஏற்றம்

மெதுவாக ஓட்டினால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று மின்கார்க்காரர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. அது எப்போது உண்மை என்பதைப் பார்க்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடுகிறது. மணிக்கு 90-இலிருந்து 120-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளும் செலவு மட்டும் 78 சதவீதம் அதிகம். பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான். ஆனால் அங்கே எஞ்சினில் பெரும்பகுதி சக்தி வெப்பமாகவே வீணாவதால் இந்த வித்தியாசம் அவ்வளவு துலக்கமாகத் தெரிவதில்லை. மின்மோட்டார் கொடுத்ததில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பதால், வேகத்தின் விலை அப்படியே ரேஞ்சில், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தில், தெரிகிறது.

ஆனாலும் 300 கிலோமீட்டருக்கு, மணிக்கு 100-இல் நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் வீதம் 48 யூனிட்டும், 120-இல் 20 யூனிட் வீதம் 60 யூனிட்டும் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போனவர் ஓட்டத்தில் 30 நிமிடம் மிச்சம் பிடிக்கிறார், 12 யூனிட் கூடுதலாகச் செலவழிக்கிறார். 100 கிலோவாட்டில் அந்த 12 யூனிட்டுக்கு 7 நிமிடம், 45 கிலோவாட்டில் 16 நிமிடம். இரண்டிலும் வேகமாகப் போனவருக்கே லாபம். 22 கிலோவாட் ஏசியில் 33 நிமிடம். அங்கே கணக்கு புரண்டுவிடுகிறது. ஆகவே சாலையின் வேக வரம்புக்குள், நல்ல டிசி நிலையங்கள் உள்ள வழியில் ஊர்ந்து போக வேண்டிய அவசியம் இல்லை. நிலையங்கள் மெதுவானவை என்றாலோ, கொஞ்சம் நிதானித்தால் ஒரு நிறுத்தத்தையே தவிர்க்கலாம் என்றாலோ, எட்டுவோமா என்ற சந்தேகம் வந்தாலோ வேகத்தைக் குறைப்பதுதான் சரி. எட்டுவோமா என்ற சந்தேகத்துக்கு அதைவிடக் கைகண்ட மருந்து வேறில்லை. காரின் குளிர்சாதனத்தை அணைப்பதைவிட, கண்ணாடியை இறக்கிவிட்டு வேர்ப்பதைவிட, மணிக்கு 20 கிலோமீட்டர் குறைப்பது பல மடங்கு அதிகம் தரும்.

எதிர்க்காற்றும் இதே கணக்கில் வருகிறது. மணிக்கு 100-இல் போகும்போது 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் காருக்கு அது 120. காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடிவிடும். வேகமானியில் எதுவும் தெரியாது. ரேஞ்ச் மட்டும் எதிர்பார்த்ததைவிட விறுவிறுவென்று இறங்கும். மழையில் நனைந்த சாலையும், கூரையில் கட்டிய பெட்டியும் இதே வேலையைச் செய்கின்றன.

மலை ஏற்றத்தைப் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 2 டன் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அடிப்படைச் செலவு சுமார் 5.5 யூனிட். மோட்டாரில் ஆகும் இழப்பையும் சேர்த்து 6 அல்லது 6.5 என்று வையுங்கள். 60 யூனிட் பேட்டரியில் அது 10 சதவீதம் சொச்சம். இறங்கும்போது பிரேக்குக்குப் பதில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தருகிறது. கவனிக்க வேண்டியது வேறு: மலை உச்சியில் தங்கி 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்ப வரும் மின்சாரத்துக்கு இடம் இல்லை. பழகிய மோட்டார் பிரேக் அப்போது பலமில்லாமல் இருக்கும், சாதாரணப் பிரேக்கின் மேல் சுமை ஏறும்.

பேட்டரியின் சூடு

சார்ஜ் ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பதில் சதவீதத்துக்கு அடுத்தது வெப்பநிலை. குளிர்ந்த பேட்டரிக்குள் அயனிகள் மந்தமாக நகரும். முன்னால் சொன்ன உலோகப் படிவு குளிரில் இன்னும் சீக்கிரம் வரும். அதனால் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் கார் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே அனுமதிக்கும். 2024 ஜனவரியில் சிகாகோ நகரில் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கியபோது சார்ஜிங் நிலையங்களில் மணிக்கணக்கில் கார்கள் வரிசையில் நின்றது உலகச் செய்தியானது. ஒவ்வொரு காரும் மெதுவாக ஏறியது, நிற்கும்போதே உள்ளே சூடாக்கியதில் சார்ஜ் கரைந்தது, சில இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. இந்த மூன்றும் ஒன்றையொன்று பெருக்கிவிட்டன.

இதற்கு மருந்து பல புதிய கார்களிலேயே இருக்கிறது. நேவிகேஷனில் சார்ஜிங் நிலையத்தைச் சேருமிடமாகப் போட்டால், போகும் வழியிலேயே கார் பேட்டரியைச் சார்ஜுக்கு ஏற்ற சூட்டுக்குக் கொண்டுவரும். வழி தெரிந்ததுதானே என்று நேவிகேஷன் போடாமல் போனால் இது நடக்காமல் போகலாம். தெரிந்த நிலையத்துக்கும் நேவிகேஷன் போட்டே போங்கள்.

வெயிலில் சிக்கல் எதிர்ப்பக்கம். வேகமாக ஓட்டி, வேகமாக ஏற்றி, மீண்டும் ஓட்டி ஏற்றும்போது பேட்டரியில் சூடு சேர்ந்துகொண்டே போகும். திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு உள்ள கார்கள் இதைப் பெரும்பாலும் சமாளிக்கின்றன. சார்ஜ் ஏறும்போது முன்புறம் மின்விசிறி இரைவது அதற்காகத்தான். அந்த அமைப்பு இல்லாத 40 யூனிட் நிசான் லீஃப் 2018-இல் பேச்சுக்கு ஆளானது இதனால்தான்: ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது வேகச் சார்ஜில் வேகம் வெகுவாகக் குறைந்தது. நாளெல்லாம் ஓட்டும் திட்டம் இருந்தால், வாங்கும்போதே பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நிலையத்தின் பக்கம்

எல்லாம் காரின் கையில் என்று சொல்லிவிட முடியாது. பல நிலையங்களில் ஒரே மின்பெட்டிக்கு இரண்டு கன்கள். ஒரு கார் நின்றால் முழு 150. இரண்டாவது வந்தால் பங்கு. காலியாக இருக்கும் வேறொரு பெட்டியில் நிறுத்துவதே புத்திசாலித்தனம். கட்டணம் வீட்டைவிட அதிகமாக இருப்பதற்கும் இந்தப் பங்கீட்டுக்கும் ஒரே வேர். நான்கு கார்கள் ஒரே நேரத்தில் 150 வீதம் இழுத்தால் 600 கிலோவாட். அதற்குத் தனி ட்ரான்ஸ்பார்மர், கனமான கேபிள், மின்வாரியத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். பல நாடுகளில் வணிக இணைப்புக்கு எடுத்த யூனிட் தவிர, மாதத்தின் உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் உண்டு. நாளுக்கு நான்கு கார் வந்தாலும் அந்த உச்சத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். அதனால் சிலர் நிலையத்திலேயே ஒரு பெரிய பேட்டரியை வைத்து, ஓய்வு நேரத்தில் அதை நிரப்பி, கார் வரும்போது கொடுக்கிறார்கள்.

கன்னைச் செருகிய பிறகு நடப்பதை ஒருமுறை பொறுமையாகக் கவனித்துப் பாருங்கள். முதலில் க்ளிக் என்று காரின் பூட்டு கன்னைப் பிடித்துக்கொள்கிறது. காரும் நிலையமும் கன்னில் இருக்கும் சின்னக் கம்பி வழியாகப் பேசத் தொடங்குகின்றன: எந்தத் தகவல்தொடர்பு நெறிமுறை, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர். அடுத்து நிலையம் கேபிளில் வோல்ட் ஏற்றி எங்காவது கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிறது. பிறகு தன் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்குச் சமமாகக் கொண்டுவருகிறது. அப்போதுதான் காருக்குள் ரிலே எனப்படும் பெரிய தானியங்கிச் சுவிட்சுகள் டக் டக் என்று மூடுகின்றன, மின்சாரம் ஓடுகிறது. இதற்கு அரை நிமிடமோ, அதற்குச் சற்று மேலோ ஆகலாம். இந்தப் படிகளில் எது தடுக்கினாலும் திரையில் வருவது ஒரே ஒரு பொதுவான பிழைச் செய்திதான்.

தடுக்கினால் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. கன்னைக் கழற்றி, அரை நிமிடம் விட்டு, மீண்டும் செருகுங்கள். கனமான கேபிள் தொங்கும் எடையில் கன் சாய்ந்து முனை சரியாகப் படாமல் இருக்கலாம். பூட்டு விழும்வரை அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். பேச்சுவார்த்தை முடியும்வரை கார்க் கதவின் ரிமோட்டைத் தொடாதீர்கள், சில கார்களில் அது கன்னின் பூட்டையும் திறந்துவிடும். பெட்டியில் இருக்கும் சிவப்பு அவசரப் பொத்தானை யாராவது விளையாட்டாக அழுத்திவிட்டுப் போயிருந்தால், அதை விடுவித்து மீட்டமைக்கும்வரை அந்த இயந்திரம் அசையாது. ஏற்றி முடித்த பிறகு கன் வெளியே வர மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். பல கார்களில் டிக்கியிலோ பானெட்டுக்குள்ளோ கையால் இழுத்துப் பூட்டை விடுவிக்கும் சின்ன வார் ஒன்று இருக்கும்; பயணத்துக்கு முன்பே அது எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பயணங்களில் உண்மையான பலவீனம் எது என்று என்னைக் கேட்டால், பேட்டரி என்று சொல்ல மாட்டேன். பழுதாகி நிற்கும் நிலையங்கள்தான். 2022-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 657 பொது வேகச் சார்ஜ் இணைப்புகளை ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள். வேலை செய்தவை 72.5 சதவீதம். மற்றவற்றில் திரை உயிர்ப்பில்லை, பணம் செலுத்த முடியவில்லை, சார்ஜ் தொடங்கவில்லை, கன் உடைந்திருந்தது. சில இடங்களில் கேபிள் காரை எட்டவே இல்லை. தொழில்நுட்பம் இவ்வளவு தூரம் வந்த பிறகு, நான்கில் ஒன்றுக்கு மேல் கைவிடும் என்பது ஏற்கக்கூடிய நிலை இல்லை. ஒரு குடும்பம் இரவில், குழந்தைகளோடு, 8 சதவீதத்தில் வந்து நிற்கும்போது இறந்துபோன திரையைப் பார்ப்பது வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

அரசுகள் இதை உணர ஆரம்பித்திருக்கின்றன. அரசு நிதியில் கட்டப்படும் நிலையங்கள் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று அமெரிக்கா 2023-இல் விதி கொண்டுவந்தது. பிரிட்டனில் வேகச் சார்ஜ் வலைப்பின்னல்கள் சராசரியாக 99 சதவீதம் இயங்க வேண்டும் என்பது 2024 நவம்பரிலிருந்து சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 2025 முடிவுக்குள் ஒவ்வொன்றிலும் மொத்தம் 400 கிலோவாட், அதில் குறைந்தது ஒரு கன் 150 கிலோவாட் என்று இலக்கு வைத்தது. எண்ணிக்கையைக் கூட்டும் விதிகளைவிட, ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதிகளையே நான் அதிகம் மதிக்கிறேன்.

அதுவரை நம் திட்டத்தில்தான் அந்தப் பாதுகாப்பை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கன் உள்ள நிலையத்தை நம்பி வழி போடாதீர்கள். நான்கைந்து கன் உள்ள இடத்துக்கு, 20 கிலோமீட்டர் முன்னதாகவே நிற்க நேர்ந்தாலும், போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மாற்று நிலையம் மனத்தில் இருக்கட்டும். முதல் இடத்தில் கையில் மிஞ்சும் சதவீதம் அந்த மாற்றைத் தொடப் போதுமானதாக இருக்க வேண்டும். 10 சதவீதக் காப்பு என்பதன் உண்மையான பொருள் அதுதான். மாற்று 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நம் கணக்குக் காரில் 10 போதாது, 20 வேண்டும். பிளக்‌ஷேர் போன்ற ஆப்களில் இடத்தின் நட்சத்திர மதிப்பைவிட, கடைசியாக ஒருவர் எப்போது வெற்றிகரமாக ஏற்றினார் என்பதைப் பாருங்கள். நேற்று ஒருவர் ஏற்றியிருந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை. ஏபிஆர்பி என்று சுருக்கமாகச் சொல்லும் வழித்திட்ட ஆப், எந்தச் சதவீதத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் உங்கள் கார் மாடலின் சார்ஜ் வளைகோட்டையே எடுத்துக்கொண்டு எங்கே எத்தனை நிமிடம் நிற்பது என்று போட்டுத் தரும். குறுகிய நிறுத்தங்கள் பலவாக வரும் திட்டத்தைக் கண்டு திகைக்க வேண்டாம், அதன் காரணத்தை மேலே பார்த்துவிட்டோம்.

கன்னின் வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் உலகின் பல பகுதிகளிலும் சிசிஎஸ் 2, சீனாவில் அதன் சொந்த ஜிபி/டி, ஜப்பானில் சாடெமோ. வட அமெரிக்காவில் டெஸ்லா 2022 நவம்பரில் தன் வடிவத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது, அடுத்த ஆண்டு ஃபோர்டு, ஜிஎம் என்று வரிசையாக அதற்கு மாறுவதாக அறிவித்தார்கள். எல்லை கடந்து ஓட்டுபவர்களும், வாடகைக்கு எடுப்பவர்களும், பழைய கார் வாங்குபவர்களும் மட்டும் கிளம்பும் முன் இதைச் சரிபார்த்தால் போதும்.

பணம் செலுத்துவதில்தான் இன்னும் எரிச்சல் மிச்சம். ஒவ்வொரு வலைப்பின்னலுக்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றிலும் கணக்கு, அதில் முன்பணம். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராமல் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வழியில் வரும் வலைப்பின்னல்களின் ஆப்களை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, கார்டைச் சேர்த்துவிடுங்கள். எங்கு கிடைக்கிறதோ அங்கு தட்டினால் இயங்கும் ஆர்எஃப்ஐடி அட்டையும் ஒன்று வாங்கி வையுங்கள், அதற்கு உங்கள் போனில் சிக்னல் தேவையில்லை. பில்லில் வரும் யூனிட் பேட்டரிக்குள் போனதைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். மின்சாரத்தின் ஒரு பகுதி வழியில் வெப்பமாகப் போகிறது, பேட்டரியைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் செலவாகிறது. மோசடி என்று சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வைக்கலாம்.

அப்புறம், வரிசை. யாராவது காத்திருக்கும்போது 80-க்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சரியில்லை. கடைசி 20 சதவீதத்துக்கு நீங்கள் எடுக்கும் அரை மணி நேரத்தில், காத்திருப்பவர் பாதிப் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போயே போயிருப்பார். அதிகபட்சம் 50 கிலோவாட் வாங்கும் கார், வேறு இடம் காலியாக இருக்கும்போது 350 கிலோவாட் பெட்டியைப் பிடிப்பதும் அப்படித்தான். ஏறி முடிந்த பிறகும் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று சில நிறுவனங்கள் அபராதம் போடுகின்றன, அது நியாயமானதுதான்.

இரவு தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஏசி சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். 7.4 கிலோவாட்டில் 8 மணி நேரம் என்றால் இழப்பு போகவும் 50 யூனிட்டுக்கு மேல் உள்ளே போகும், பல கார்களுக்கு அது கிட்டத்தட்ட முழுப் பேட்டரி. அது உறுதியாகிவிட்டால் முந்தைய மாலை கடைசி வேகச் சார்ஜை நீளமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை; 10, 15 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். லித்தியம் பேட்டரியிலும் வகைகள் உண்டு. நிக்கல் கலந்த வகை என்றால் காலையில் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பு 100 தொடும்படி காரில் நேரம் வைத்துவிடுங்கள். நிரம்பிய நிலையில் மணிக்கணக்கில் நிற்காமல் இருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் அந்தக் கவலை குறைவு. அதன் வோல்ட் நிரம்பும்வரை ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், எத்தனை சதவீதம் இருக்கிறது என்று கார் சரியாகக் கணிக்க அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லி நிறுவனங்களே கேட்டுக்கொள்கின்றன. குளிர்ப் பகுதி என்றால் இரண்டு வகைக்கும் ஒரே யோசனை: காலையில் கன் செருகியிருக்கும்போதே காரின் உள்ளறையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அந்தச் செலவு சுவரிலிருந்து போகும், உங்கள் முதல் 100 கிலோமீட்டரிலிருந்து போகாது.